யாருடைய கை?

கேள்வி: என் மாமியாருக்கு வயது 76. முடக்குவாதத்தால் இரண்டு கை விரல்களும் மடங்குவதில்லை. இடது தோளைப் பின்பக்கம் கொண்டுபோகவும் முடியவில்லை. பாத்ரூம் போய்விட்டு வெளியே வர அரை மணி நேரம் ஆகிறது. பெங்களூரில் நண்பன் வீட்டில் பார்த்துவிட்டு வந்த என் மகன், பட்டனைத் தட்டினால் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிடும் பிடே சீட் ஒன்றைக் கமோடில் மாட்டலாம் என்கிறான். கணவரோ, "சொம்பும் கையும் இருக்கும்போது இது என்ன ஆடம்பரம்?" என்கிறார். தரைத்தளம் மட்டும் உள்ள சொந்த வீடு. போர் தண்ணீர். வாங்கலாமா? இப்படி ஒரு கேள்வியைக் கேட்பதற்கு மன்னிக்கவும்.
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: "சொம்பும் கையும்" என்கிறாரே உங்கள் கணவர், அதில் சொம்பு சரி. கை யாருடையது?

மாமியாருடைய கை இல்லை. விரல் மடங்காது, தோள் திரும்பாது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். கணவருடைய கையாகவும் இருக்காது. பெற்ற தாய்க்கு அந்த வேலையைச் செய்த மகன்களை என் வாழ்க்கையில் இரண்டு பேருக்கு மேல் பார்த்ததில்லை. அப்படியானால் மிச்சம் இருப்பது இந்தக் கேள்வியை எழுதிய கை. இன்றைக்கு அரை மணி நேரம் ஆனாலும் அவரே முடித்துக்கொண்டு வருகிறார். ஒரு நாள் கதவுக்குப் பின்னாலிருந்து தயங்கித் தயங்கி உங்களைக் கூப்பிடுவார். அந்த நாளை எத்தனை வருஷம் தள்ளிப்போட முடியும் என்பதுதான் நீங்கள் கேட்டிருக்கும் கேள்வி. வாங்குங்கள். எதை வாங்குவது, எப்படி மாட்டுவது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் கையைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

என் அம்மாவுக்கு 2009-ல் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. டாக்டர், சொந்தக்காரர்கள், பக்கத்து வீட்டார் எல்லாரும் ஒரே ஆறுதலைத்தான் சொன்னார்கள்: "நல்லவேளை, வலது கை தப்பிச்சுது. தானே சாப்பிட்டுக்கலாம்." உண்மைதான். மூன்றாவது வாரமே தானே பிசைந்து சாப்பிட்டாள். ஆனால் கொஞ்ச நாளில் சாப்பாடு பாதியாகக் குறைந்தது. ராத்திரி தண்ணீர் குடிப்பதை நிறுத்தினாள். காலையில் பாத்ரூம் போகலாம் என்றால், இப்போது வரவில்லை, அப்புறம் என்பாள். எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அக்காதான் கண்டுபிடித்தாள். அம்மா ஆயுசு முழுக்கக் கழுவிய கை இடது கை. அது இப்போது மடியில் கிடக்கிறது. சோறு எடுக்கிற கையால், சாமிக்குப் பூ வைக்கிற கையால், பேத்திக்கு ஊட்டுகிற கையால் அதைச் செய்ய அவளுக்கு மனம் வரவில்லை.

"சோப்புப் போட்டுக் கழுவினா ரெண்டு கையும் ஒண்ணுதானேம்மா" என்று நான் சொன்னேன். அம்மா பதில் சொல்லவில்லை. வலது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

அதன்பிறகு நாலு வருஷம் அக்காதான் செய்தாள். தினமும் காலையில் அந்தப் பத்து நிமிஷம் அம்மா கண்ணை மூடிக்கொண்டிருப்பாள். "அடுத்த ஜென்மத்துல நான் உனக்குச் செய்யறேன்டி" என்பாள். நம் ஊர்ப் பெரியவர்கள் எல்லாரும் சாமியிடம் ஒன்றே ஒன்றைக் கேட்கிறார்களே, "கை கால் நல்லா இருக்கும்போதே போய்ச் சேர்ந்துடணும்" என்று, அந்த வேண்டுதலில் எந்தக் கை, எதற்காக என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஒரு பிளம்பரும் ஒரு எலக்ட்ரீஷியனும் அரை நாளில் மாட்டிவிட்டுப் போகக்கூடிய பொருள் அன்றைக்கும் இருந்தது. எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அதனால்தான் உங்கள் கேள்வியை வரிசை தாண்டி முதலில் எடுத்திருக்கிறேன்.

ஆடம்பரம் என்கிறார் கணவர். இந்தச் சாமான் பிறந்ததே நோயாளிகளுக்காக. 1960-களில் அமெரிக்காவில் ஆர்னால்ட் கோஹன் என்பவர், உடம்புக்கு முடியாத தன் அப்பாவுக்காகத் தண்ணீர் பீய்ச்சும் இருக்கையைச் செய்தார். அந்த அமெரிக்க இருக்கையை ஜப்பானுக்கு இறக்குமதி செய்த டோட்டோ நிறுவனம், முதலில் விற்றதும் பெரும்பாலும் ஆஸ்பத்திரிகளுக்குத்தான். அதில் தண்ணீர் சில சமயம் சுட்டது, சில சமயம் குளிர்ந்தது, பீய்ச்சலும் குறி தவறியது. பிறகு டோட்டோவே புதிதாக வடிவமைத்து, 1980 ஜூனில் 'வாஷ்லெட்' என்ற பெயரில் வெளியிட்டது. இன்று ஜப்பானில் ஐந்தில் நாலு வீடுகளில் இந்த மாதிரி இருக்கை உண்டு.

அவர்கள் அதைச் செய்த விதத்தைச் சொல்லியே ஆக வேண்டும். மனிதர்கள் உட்காரும்போது தண்ணீர் சரியாக எங்கே பட வேண்டும் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. அதனால் இருக்கையின் குறுக்கே ஒரு கம்பியைக் கட்டி, சொந்த ஊழியர்களையே உட்காரச் சொல்லி, அவரவர் இடத்தைக் கம்பியில் குறிக்கச் சொன்னார்கள். ஆண்களும் பெண்களுமாக முந்நூறு பேருக்கு மேல். முதலில் கூச்சப்பட்டு மறுத்தவர்களும் பிறகு உட்கார்ந்தார்கள். அந்தக் குறிகளை வைத்துத்தான் குழாய் எங்கே நிற்க வேண்டும் என்று முடிவானது. அது 43 டிகிரி சாய்வில் பீய்ச்ச வேண்டும், தண்ணீர் 38 டிகிரி சூட்டில் இருக்க வேண்டும் என்பதையும் இப்படியே உட்கார்ந்து உட்கார்ந்து கண்டார்கள். தண்ணீரும் கரன்ட்டும் ஒரே இடத்தில் இருப்பது பெரிய பயமாக இருந்தது. மழையில் நனைந்துகொண்டே எரியும் டிராஃபிக் சிக்னலைப் பார்த்த பொறியாளருக்கு, உள்ளே இருக்கும் சர்க்யூட்டை எப்படிக் காப்பது என்று அங்கேதான் வழி தெரிந்தது.

முந்நூறு பேரை உட்கார வைத்துப் பார்த்தார்கள் என்பதைப் படித்தபோது எனக்கு நம் ரயில் மக் நினைவுக்கு வந்தது. சங்கிலியில் கட்டிய எவர்சில்வர் மக். குழாய்க்கும் மக்குக்கும் நடுவில் சங்கிலி தாராளமாக எட்டும். உட்கார்ந்திருப்பவருக்கு எட்ட வேண்டிய இடத்துக்கு மட்டும் எட்டாது. வண்டி ஒரு ஆட்டம் ஆடினால் பாதித் தண்ணீர் புடவையில். இன்னும் எத்தனையோ பெட்டிகளில் அந்த மக் தொங்குகிறது. அறுபது வயதுக்கு மேற்பட்ட பெண்கள் ராத்திரிப் பயணத்தில் மத்தியானத்திலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வருவதற்கு அந்தச் சங்கிலியும் ஒரு காரணம். சங்கிலியை அளந்தவர் மக் திருடுபோகாமல் இருப்பதைப் பார்த்தார். ஒரே ஒரு முறை அங்கே உட்கார்ந்து கையை நீட்டிப் பார்த்திருந்தால் இன்னும் ஒரு முழம் விட்டிருப்பார். இதை நான் எழுதுவது முதல் முறை இல்லை. அந்த ஒரு முழம் வரும்வரை எழுதுவேன்.

நம் வீட்டு பாத்ரூம்களும் அப்படிக் கட்டப்பட்டவைதான். ஹாலுக்கு 20 அடிக்கு 14 அடி. டாய்லெட்டுக்கு, மாடிப்படிக்குக் கீழே மிஞ்சிய 4 அடிக்கு 6 அடி. அதிலும் உள்பக்கமாகத் திறக்கும் கதவு. இந்தக் கதவைப் பற்றி நான் எழுதும்போதெல்லாம் ஆர்க்கிடெக்ட் வாசகர் ஒருவர் தவறாமல் மறுப்பு அனுப்புகிறார்: வெளிப்பக்கம் திறந்தால் நடையை அடைக்கும், பார்க்க நன்றாக இருக்காது. அவருக்கு மறுபடியும் சொல்கிறேன். எங்கள் எதிர்வீட்டுப் பெரியவர் பாத்ரூமில் வழுக்கி விழுந்து, கதவுக்கு முட்டுக் கொடுத்த மாதிரிக் கிடந்தார். கதவைத் தள்ளினால் அவர் மேல் இடிக்கிறது. கீல் கம்பிகளைத் தட்டி எடுத்துக் கதவைப் பெயர்ப்பதற்குள் முக்கால் மணி நேரம். உள்ளே அவர் முனகுவது எங்கள் எல்லாருக்கும் கேட்டுக்கொண்டே இருந்தது. நடை அடைத்தால் அடைக்கட்டும் சார். வாசகியே, பிடே சீட் வாங்கும் முன் உங்கள் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று பாருங்கள். உள்பக்கம் என்றால் முதல் செலவு தச்சருக்கு.

மன்னிக்கவும் என்று எழுதியிருந்தீர்கள். எதற்கு? பள்ளியில் இடக்கரடக்கல் என்று படித்திருப்பீர்கள். சபையில் சொல்லக் கூடாததை வேறு சொல்லால் மறைத்துச் சொல்வது. அதற்கு எல்லா வாத்தியார்களும் தரும் உதாரணம், "கால் கழுவி வந்தான்". கழுவியது கால் இல்லை என்று சொல்பவருக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும். கழுவிய கை அந்தப் பேச்சிலேயே இல்லை. நாகரிகமான வழக்கம், எனக்கு அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் வீட்டுக்குள், மகனும் மருமகளும் உட்கார்ந்து அம்மாவுக்கு என்ன வேண்டும் என்று முடிவு செய்யும்போதும் 'கால்' என்றே பேசிக்கொண்டிருந்தால், என் அம்மா மாதிரி தண்ணீர் குடிக்காமல் இருந்துதான் அவர்கள் நமக்குச் சொல்ல வேண்டிவரும். நீங்கள் நேராகக் கேட்டீர்கள். நல்லது செய்தீர்கள்.

சரி, வேலைக்கு வருவோம். இதில் இரண்டு வகை. கரன்ட் இல்லாமல், குழாய்த் தண்ணீரின் வேகத்தில் பக்கவாட்டுத் திருகைத் திருப்பினால் பீய்ச்சுவது ஒன்று. சில ஆயிரத்தில் கிடைக்கும். கை நன்றாக இருப்பவர்களுக்கு, ஏன், மூட்டுவலியால் குனிய முடியாதவர்களுக்கும்கூட அதுவே போதும். திருச்சியில் வெந்நீர் யாருக்கு வேண்டும்? ஆனால் உங்கள் மாமியாரால் திருகைத் திருப்ப முடியாது, கழுவிய பின் துடைத்துக்கொள்ளவும் முடியாது. ஈரத்தோடு புடவையை இறக்கினால் புண்ணும் அரிப்பும் வரும். அதனால் அவருக்குக் கரன்ட்டில் வேலை செய்வதுதான் சரி. சுவரில் மாட்டும் ரிமோட், சூடான காற்றில் உலர்த்தும் வசதி, பெண்களுக்கான முன்பக்கப் பீய்ச்சல் மூன்றும் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். பல பத்தாயிரம் ஆகும். ஹாலில் டி.வி. என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்று கணவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

உங்கள் வீட்டில் ஒரு சிக்கல் இருக்கிறது, தண்ணீரின் ஃபோர்ஸ். பெரும்பாலான எலக்ட்ரானிக் சீட்டுகள் குறைந்தது 0.5 பார் அழுத்தம் கேட்கும் (பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு). 10 மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 1 பார் என்பது கணக்கு. அப்படியென்றால் தொட்டியில் தண்ணீர் மட்டம் சீட்டுக்கு மேல் 5 மீட்டராவது இருக்க வேண்டும். தரைத்தள வீட்டில் மொட்டை மாடித் தொட்டி அநேகமாக நாலு, நாலரை மீட்டரில் நின்றுவிடும். பிளம்பர் "அதெல்லாம் வரும்மா" என்பார். விடாதீர்கள், கேஜ் வைத்து அளக்கச் சொல்லுங்கள். குறைந்தால் அந்த லைனுக்கு மட்டும் சின்ன பிரஷர் பம்ப் போட வேண்டியிருக்கும்.

எர்த் உள்ள தனி பிளக் பாயின்ட் வேண்டும், தண்ணீர் தெறிக்காத உயரத்தில். கரன்ட் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி. இல்லாத வீட்டில் இதை மாட்டவே கூடாது. இதில் மட்டும் காசு பார்க்காதீர்கள். போர் தண்ணீரில் உப்புப் படியும். தண்ணீர் உள்ளே நுழையும் இடத்தில் ஒரு சின்ன வலை இருக்கும், மாதம் ஒரு தடவை கழற்றிக் கழுவுங்கள். வீட்டு வேலைக்கு வருபவரிடம் அந்தக் கமோடில் ஆசிட் ஊற்ற வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். இன்னொன்று, சித்திரை வைகாசியில் மத்தியானம் மாடிக் குழாயில் வரும் தண்ணீர் கையைச் சுடும். சீட்டால் சூடாக்கத்தான் முடியும், ஆற்ற முடியாது. அந்த நேரத்தில் பக்கத்துக் குழாயைக் கொஞ்ச நேரம் திறந்துவிட்டு, தண்ணீரைத் தொட்டுப் பார்த்த பிறகு அவரை அனுப்புங்கள்.

கமோடு பக்கத்துச் சுவரில் பிடித்து எழ ஒரு கம்பியும் போட்டுவிடுங்கள். டவல் போடும் கம்பி ஆகாது, அது ஆள் பாரம் தாங்காமல் ஸ்குரூவோடு வந்துவிடும்.

எல்லாம் மாட்டிய பிறகு, பீய்ச்சலைக் குறைந்த அளவில் வைத்து முதலில் நீங்கள் உட்கார்ந்து பாருங்கள், அப்புறம் உங்கள் கணவர். பிறகு மாமியாரை உடுத்திய புடவையோடு சீட்டின் மேல் சும்மா உட்கார வைத்து, ரிமோட்டை அவர் கை எட்டும் இடத்தில் பிடித்துக் காட்டுங்கள். விரல் மடங்காவிட்டாலும் விரல் முட்டியால் அழுத்த முடிகிற உயரம் எதுவோ அங்கே சுவரில் திருகச் சொல்லுங்கள். ரிமோட்டில் எழுத்தெல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும். நிறுத்தும் பட்டன் மேல் உங்கள் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டி, "இதை அழுத்தினா நின்னுடும் அத்தை" என்று சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.