சிப்பியை வீட்டிலேயே அறுத்துத் தேய்த்து மரப்பெட்டியில் பதிக்க ஆசை. அதன் தூசி விஷம் என்கிறார்களே, உண்மையா? வீட்டில் குழந்தை இருக்கிறது, படுக்கையறை மேசையில் செய்யலாமா?

தாராளமாகச் செய்யலாம். ஆனால் படுக்கையறையில் வேண்டாம், காய்ந்த சிப்பியைத் தேய்க்கவே வேண்டாம்.

நானும் மரப்பெட்டி மூடிகளில் முத்துச்சிப்பித் துண்டுகளைப் பதிக்கிறவன்தான். தொடங்கிய புதிதில் ஒருநாள் மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, உலர்ந்த சிப்பியை இரண்டு மணி நேரம் தேய்த்தேன். மெஷினை வைத்ததுமே நகம் கருகுகிற மாதிரி ஒரு வாடை. முடித்துவிட்டுக் கண்ணாடியில் பார்த்தால் கண் இமை முடியெல்லாம் வெள்ளை மாவு. கைக்குட்டையை அவிழ்த்தேன், அதன் உள்பக்கமும் வெள்ளை. ராத்திரி காய்ச்சல், நெஞ்சு இறுக்கம், வறட்டு இருமல். மறுநாள் தானாகவே சரியானதால் விட்டுவிட்டேன். அடுத்த வாரம் தேய்த்த அன்றும் அப்படியே வந்ததும்தான் மருத்துவரிடம் போனேன். அவர் முதலில் கேட்டதே, "என்ன வேலை செய்தீர்கள்?" என்றுதான்.

விஷம் என்று சொல்வது சரியில்லை. முத்துச்சிப்பியில் சுமார் 95 சதவீதம் கால்சியம் கார்பனேட், சுண்ணாம்புக்கல்லில் இருக்கும் அதே பொருள். ஆனால் வெறும் சுண்ணாம்புதானே என்று அலட்சியமாக இருந்தால் அதுவும் தப்பு. மிச்சமிருக்கும் கொஞ்சம், அந்தச் சுண்ணாம்புத் தகடுகளை ஒட்டிவைத்திருக்கும் புரதம். நகம் கருகும் வாடை அதிலிருந்துதான் வருகிறது. சிலருக்கு நுரையீரலில் ஒவ்வாமையைக் கிளப்புவதும் அதுதான். இந்த வகை ஒவ்வாமையில் காய்ச்சலும் இருமலும் தூசி பட்ட உடனே வராது, நாலு முதல் எட்டு மணி நேரம் கழித்துத்தான் வரும். அதனால் தூசியின் மேல் சந்தேகமே வராமல் வருஷக்கணக்கில் சுவாசித்துக்கொண்டிருப்பார்கள். அப்படியே போனால் நுரையீரலில் நிரந்தரத் தழும்பு விழலாம். நுரையீரல் மட்டுமல்ல, 19ஆம் நூற்றாண்டில் வியன்னாவில் முத்துச்சிப்பிப் பொத்தான் கடைந்த இளம் தொழிலாளர்களுக்கு எலும்பு அழற்சி வந்ததை அங்கிருந்த மருத்துவர்களே எழுதிவைத்திருக்கிறார்கள். உங்களுக்கு ஏற்கெனவே ஆஸ்துமா இருந்தால், வெட்டி மெருகேற்றிய துண்டுகளை வாங்கி ஒட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இப்போது என் வேலை முழுக்க ஈரத்தில்தான். ஒரு தட்டில் சிப்பி மூழ்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றி, அதற்குள் வைத்து வாட்டர் பேப்பரால் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) தேய்ப்பேன். தண்ணீர் பால் மாதிரி ஆகிவிடும். காற்றில் பறக்க வேண்டியதெல்லாம் அந்தப் பாலுக்குள் அடங்கிவிட்டது என்று அர்த்தம். துளை போடும்போதும் அதே தட்டுதான். டிரில் பேட்டரியில் ஓடுவதாக இருக்கட்டும். பிளக்கில் செருகும் மெஷினைத் தண்ணீர் பக்கம் கொண்டுபோகாதீர்கள். வைரத்தூள் பூசிய பிட்டின் நுனி மட்டும் நனைந்தால் போதும். அழுத்தாமல், விட்டுவிட்டுத் துளையிடுங்கள். அழுத்தினால் சிப்பி சில்லாகத் தெறிக்கும், அந்தச் சில்லு பிளேடு மாதிரி கிழிக்கும். பக்கமும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடியைப் போடாமல் நான் டிரில்லைத் தொடுவதில்லை.

ஈரத்தில் செய்தாலும் மாஸ்க் உண்டு, குறைந்தது என்95. துணி மாஸ்க் எதற்கும் உதவாது. தாடி இருந்தால் மாஸ்க் முகத்தோடு ஒட்டி உட்காராது, ஓரத்தில் தூசி நுழைந்துவிடும்.

பலரும் கோட்டைவிடுவது வேலை முடிந்த பிறகுதான். மேசையில் தெறித்த பால் காய்ந்தால் திரும்பவும் தூசிதான். காய்வதற்குள் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். துடைப்பத்தால் பெருக்குவது, வாயால் ஊதுவது இரண்டும் கூடவே கூடாது.

அப்புறம், கடற்கரையில் பொறுக்கிய சிப்பியின் நாற்றம் போக ஒருநாள் பிளீச் கரைசலிலும் மறுநாள் வினிகரிலும் போடுகிறார்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும். வினிகர் சிப்பியின் பளபளப்பையும் அரித்துவிடும். சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்தாலே பெரும்பாலும் போதும்.

நீங்கள் பால்கனியிலோ திண்ணையிலோ ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். இந்த வேலைக்கென்று ஒரு சட்டையை ஒதுக்குங்கள், அதை வெளியிலேயே கழற்றி நனைத்துவிட்டு உள்ளே போங்கள். வீட்டில் குழந்தை இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கையையும் முகத்தையும் கழுவிய பிறகு தூக்குங்கள்.