நான்காவது பந்தயக் கடையும் சபையின் கொள்கை வரைவும்

வணக்கம். இங்கிலாந்தில் நீங்கள் வசிக்கும் கடைவீதியில் ஏற்கெனவே மூன்று பந்தயக் கடைகள் இருப்பதால், உள்ளூர்ச் சபை தன் சூதாட்ட உரிமக் கொள்கையைத் திருத்தும் இவ்வேளையில் ‘இனி ஒன்றும் வேண்டாம்’ என்று எழுதினால் பயனுண்டா எனக் கேட்டிருந்தீர்கள்.

அப்படி மட்டும் எழுதினால் பயன் குறைவு. 2005ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டத்தின் 153ஆம் பிரிவு, உரிம நோக்கங்களுக்கும் சபையின் கொள்கைக்கும் முரணாகாத வரையில் அனுமதி வழங்கவே சபை முனைய வேண்டும் என்கிறது. இன்னொரு கடைக்கு அங்கே தேவை இருக்கிறதா என்று பார்ப்பதையும் அதே பிரிவு தடுக்கிறது. குடியிருப்போருக்கு எரிச்சலூட்டும் விதிதான்.

எனவே, குற்றத்தைத் தடுத்தல், நேர்மையான ஆட்டம், சிறுவரையும் எளிதில் பாதிக்கப்படக்கூடியோரையும் காத்தல் ஆகிய மூன்று உரிம நோக்கங்களில் முதலாவதையும் மூன்றாவதையும் பற்றிக்கொண்டு எழுதுங்கள். பள்ளி விடும் நேரத்தில் கடைவாசலில் சேரும் கூட்டம், அருகிலுள்ள போதை மறுவாழ்வு நிலையம், உணவு வங்கி போன்றவற்றைத் தெருப்பெயருடன் குறிப்பிட்டு, அவற்றை வரைவில் சேர்க்கக் கோருங்கள்; ஏனெனில் கடை நடத்துவோர் தமது உள்ளூர் இடர் மதிப்பீட்டை (தம் கடையால் அப்பகுதியில் நேரக்கூடிய தீங்குகள் பற்றிய ஆவணத்தை) தயாரிக்கும்போது, கொள்கை அறிக்கையில் சுட்டப்பட்டவற்றைக் கருத்தில் கொண்டாக வேண்டும்.

நீங்கள் கேள்விப்பட்ட ‘முழுத் தடைத் தீர்மானம்’, அதாவது இனி உரிமமே வழங்குவதில்லை எனச் சபை எடுக்கும் முடிவு, அதே சட்டத்தின் 166ஆம் பிரிவின்படி கசினோக்களுக்கு மட்டுமே உரியது. பந்தயக் கடைகளுக்குப் பொருந்தாது.

வரைவு இன்னும் உரிமக் குழுவிடமே இருப்பதால், பொதுக் கருத்துக்கேட்பு வரை காத்திராமல் உங்கள் வட்டாரச் சபை உறுப்பினருக்கு இப்போதே எழுதுங்கள். கருத்துக்கேட்பு தொடங்கியதும் அதையே முறைப்படி மீண்டும் அனுப்புங்கள்.