மெயின்பிரேமை எழுப்புவதற்கு முன்: சேலம் வாசகர்களின் கேள்விகள்

சூரமங்கலம்: சார், பவர்-ஆன் ரீசெட்டும் ஐபிஎல்லும் ஒன்றுதானா?

இல்லை. ரீசெட் மொத்தப் பெட்டிக்கும். அதில் உள்ள எல்லா எல்பாரும் (பெட்டியைப் பிரித்த தனித்தனிப் பகுதிகள்) விழும். எந்தக் கருவி எங்கே இணைந்திருக்கிறது என்று சொல்லும் ஐஓசிடிஎஸ் புதிதாக ஏறும். ஐபிஎல் ஒரு எல்பாருக்கு மட்டும். (சின்னப்பம்பட்டி நடராஜன் யார்க்கர் போடுகிற ஐபிஎல் வேறு, இது இனிஷியல் புரோகிராம் லோட், அதாவது ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை ஏற்றித் துவக்குவது.) ஹெச்எம்சி (பெட்டியைக் கட்டுப்படுத்தும் கணினி) திரையில் எந்த ஐகான் தேர்வாகியிருக்கிறது என்பதை இரண்டு தடவை பாருங்கள். டெஸ்ட் என்று நினைத்து புரொடக்‌ஷன் எல்பாரை லோட் செய்துவிட்டால் பழையபடி ஆக்கும் பட்டன் கிடையாது.

அம்மாபேட்டை: ஐபிஎல் செய்யும்போது கொடுக்கும் லோட்பார்ம் எட்டு எழுத்தும் எதற்கு?

உதாரணமாக 1982, 01, எம், 1 என்று வைத்துக்கொள்வோம். முதல் நான்கும் ஐஓடிஎஃப் (கருவி இணைப்பு விவரக் கோப்பு) இருக்கும் டிஸ்க்கின் டிவைஸ் எண். அடுத்த இரண்டும் எந்த லோட் மெம்பர் (துவக்க அமைப்புகள் உள்ள கோப்பு) என்பது, இங்கே லோட்01. ஏழாவது எழுத்து, துவக்கச் செய்திகள் எவ்வளவு காட்ட வேண்டும், ஆபரேட்டரிடம் கேள்வி கேட்க வேண்டுமா என்பதற்கு: 'எம்' போட்டால் செய்தி வரும், கேள்வி வராது, 'ஏ' போட்டால் மாஸ்டர் கேட்டலாக் (கோப்புகளின் தலைமைப் பட்டியல்), சிஸ்டம் பாராமீட்டர் இரண்டையும் கேட்கும், புள்ளி வைத்தால் பெரும்பாலும் மௌனம். புதிய மாற்றத்துக்குப் பின் வரும் முதல் ஐபிஎல்லுக்குப் புள்ளி வேண்டாம், எங்கே நின்றது என்றே தெரியாது. எட்டாவது எழுத்து, எந்த நியூக்ளியஸ் (சிஸ்டத்தின் மையக்கரு) ஏற வேண்டும் என்பதற்கு.

நிறையப் பேர் சறுக்குவது ஒரே இடத்தில்தான். லோட் அட்ரஸ் என்பது ஆப்பரேட்டிங் சிஸ்டம் இருக்கும் சிஸ்ரெஸ் டிஸ்க்குக்கு, லோட்பார்மின் முதல் நான்கு ஐஓடிஎஃப் டிஸ்க்குக்கு. இரண்டையும் மாற்றிப் போட்டுவிடுவார்கள். கடைசியாக நல்லபடி எழுந்தபோது இருந்த இரண்டு மதிப்பையும் ஒரு தாளில் எழுதி கன்சோல் பக்கத்திலேயே ஒட்டி வையுங்கள்.

அஸ்தம்பட்டி: லோட் கொடுத்ததும் 0பி1 வெயிட் ஸ்டேட்டில் (பிழைக் குறியீட்டோடு உறைந்த நிலை) நின்றுவிட்டது. உடனே மறுபடி லோட் கொடுக்கலாமா?

அதே மதிப்புகளோடு கொடுத்தால் அதே இடத்தில்தான் நிற்கும். 0பி1 என்றால் ஐஓ கான்ஃபிகரேஷன் பக்கம் பிரச்சனை: ஐஓடிஎஃப் அல்லது லோட் மெம்பர். பிஎஸ்டபிள்யூவில் (பிராசசரின் நிலையைக் காட்டும் பதிவு) அதோடு வரும் ரீசன் கோடையும் குறித்துக்கொண்டு கையேட்டில் பாருங்கள்.

ஓடிக்கொண்டிருந்த சிஸ்டம் செத்து நின்றால் கதை வேறு. முதலில் ஸ்டாண்ட்-அலோன் டம்ப், அதாவது நின்ற நேரத்து நினைவகத்தின் நகல், எடுங்கள். அதற்கு 'லோட் கிளியர்' கொடுக்கவே கூடாது. நினைவகம் முழுக்கச் சுழியாகி, சாட்சியே அழிந்துவிடும்.

ஃபேர்லேண்ட்ஸ்: ஜாப்களை வரிசைப்படுத்தும் ஜெஸ்2 எழும்போது 'டாலர் ஹாஸ்ப் 426' என்று கேட்கிறதே, என்ன பதில் கொடுப்பது?

'வார்ம், நோரெக் (NOREQ)'. 'கோல்ட்' என்று தட்டினால் ஸ்பூல் டிஸ்க்கில் காத்திருக்கும் ஜாப்களும் அச்சாகாத அவுட்புட்டும் போய்விடும். ஜெஸ்2 எழுந்த பின் நெட்வொர்க்குக்கான விடிஏஎம், டிசிபிஐபி, பயனர்கள் உள்ளே நுழையும் டிஎஸ்ஓ. அப்புறம் டேட்டாபேஸான டிபி2, கடைசியில் பரிவர்த்தனைகளை நடத்தும் சிஐசிஎஸ். டிபி2 லாக்கைப் படித்து முடிக்கும் முன்னாலேயே சிஐசிஎஸ்ஸைத் திறந்துவிட்டால் டிரான்சாக்‌ஷன் வரிசையாக விழும், போனும் வரிசையாக வரும்.

கொண்டலாம்பட்டி: லாக்கில் நேரம் ஐந்தரை மணி பின்னால் இருக்கிறது.

நேர அமைப்புகள் உள்ள க்ளாக் மெம்பரில் டைம்ஸோன் 'ஈ.05.30.00' இல்லை. வன்பொருள் கடிகாரம் யூடிசியிலேயே (உலகப் பொது நேரம்) இருக்கட்டும். அதைக் கையால் தள்ளி வைத்தால் டேட்டாபேஸ் லாக்கின் நேர வரிசை குழம்பும்.

ஏற்காடு: அண்ணா, வீட்டு லேப்டாப்பில் ஹெர்குலிஸில் (மெயின்பிரேமைப் போல நடிக்கும் மென்பொருள்) டிகே4 (பழைய எம்விஎஸ் சிஸ்டம்) ஓட்டிப் பழகுகிறேன். இடி மழைக்கு இங்கே அடிக்கடி கரண்ட் போகும். என்ன செய்ய?

சிஸ்ரெஸ் 148இல் இருப்பதால் கட்டளை 'ஐபிஎல் 148'. பொது நிரல்களின் பகுதியைப் புதிதாகக் கட்டும் 'சிஎல்பிஏ' ஒவ்வொரு தடவையும் தேவையில்லை. அந்த நிரல்கள் இருக்கும் எல்பிஏலிப்பில் ஏதாவது மாற்றினால் மட்டும் போதும். மானம் கறுத்தாலே டிஎஸ்ஓவிலிருந்து வெளியே வந்து, 'டாலர் பி ஜெஸ்2', பிறகு 'இசட் ஈஓடி' கொடுத்து முறையாக இறக்கிவிடுங்கள். லேப்டாப் பேட்டரி அதற்குத் தாராளம். டிஸ்க் கோப்புகளை நகலெடுப்பது ஹெர்குலிஸை மூடிய பிறகுதான். ஓடும்போது எடுத்த நகலை நம்பி ஐபிஎல் செய்ய முடியாது.