உணவுக் குளிர்சாதனங்களால் இனிமேல் புவி வெப்பம் எவ்வளவு கூடும்? குளிர்பதன வாயுவுக்கு அதில் என்ன பங்கு?
குளிர்பதன வாயு என்பது குழாய்களுக்குள் சுற்றி, உள்ளிருக்கும் வெப்பத்தை வெளியே கடத்தும் பொருள். மீன், ஐஸ்கிரீம் கிடங்குகளிலும் சூப்பர் மார்க்கெட்டுகளிலும் குழாய்கள் நீளம், இணைப்புகளும் அதிகம். அங்கேதான் கசிவு. டியூபில் பொடி ஓட்டை உள்ள சைக்கிளுக்குத் தினமும் காற்றடிப்பது போல, பல இடங்களில் வாயுவை நிரப்பிக்கொண்டே இருக்கிறார்கள். ஆனால் ஆர்-404ஏ என்ற குளிர்பதன வாயு (ஹைட்ரோஃபுளோரோகார்பன் வகை) ஒரு கிலோ கசிந்தால், நூறு ஆண்டுகளில் அது உண்டாக்கும் வெப்பத்தைக் கணக்கிட்டால், சுமார் 3,900 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம்! மின்சாரத்தால் வரும் உமிழ்வு தனி.

எவ்வளவு கூடும் என்பது நாம் எதை வாங்குகிறோம் என்பதைப் பொறுத்தது. 2016 கிகாலி திருத்தம் என்ற உலக ஒப்பந்தப்படி இந்தியா இவ்வகை வாயுக்களை 2032 முதல் படிப்படியாகக் குறைத்து, 2047இல் 85% குறைப்பை எட்ட வேண்டும். இன்று வாங்கும் இயந்திரம் பல வருடம் ஓடும். அதனால் இப்போதே, புவியை இவ்வளவு சூடாக்காத மாற்று வாயுவில் ஓடுவதைக் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம், ‘ஓசோனைப் பாதிக்காதது’ என்ற லேபிளைப் பார்த்துப் பலர் நிம்மதி அடைகிறார்கள். ஆர்-404ஏவும் ஓசோனைப் பாதிக்காத வாயுதான்; ஆனாலும் புவியைச் சூடாக்குகிறது.