வாசகர் கேள்வி – பதில்: மரத்தடியில் ஒளிக்கணக்கு

கே: காவிரிக்கரை மருத மரங்களைக் காலையில் படமெடுக்கிறேன். ஒன்று வானம் வெளுத்துப்போகிறது, இல்லையென்றால் அடிமரம் கரியாகிவிடுகிறது. கேமராவில் கோளாறா?
– வாசகர், திருவையாறு

ப: கோளாறு இல்லை. கேமராவுக்குள் ஒளியை அளக்கும் மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கவே முயலும். படத்துக்குள் வானம் அதிகமானால் வெளிச்சத்தைக் குறைக்கும், மரம் கறுக்கும். இருண்ட தழை அதிகமானால் கூட்டும், வானம் வெளுக்கும். மரத்தடி நிழலுக்கும் வானத்துக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம் சில நேரம், படத்தைப் பதியும் சென்சார் தாங்கும் அளவையே தாண்டிவிடும்.

அதனால் முதலில் செட்டிங்கைத் தொடாதீர்கள், நிற்கும் இடத்தை மாற்றுங்கள். மரத்துக்குப் பின்னால் வானத்துக்குப் பதில் எதிர்க்கரைத் தோப்போ படுகைச் சரிவோ வந்தாலே பாதிச் சிக்கல் தீரும். பிறகு அப்பெர்ச்சர் முறையில் (லென்ஸ் துளையை நாம் வைக்க, ஷட்டர் வேகத்தைக் கேமரா பார்த்துக்கொள்ளும்) துளை எஃப்/8, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 200, எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் (மீட்டர் சொல்வதைக் கூட்டிக் குறைக்கும் அளவு) –1 வைத்து ஒரு படம் எடுத்து ஹிஸ்டோகிராமை, அதாவது இடப்பக்கம் இருட்டையும் வலப்பக்கம் வெளிச்சத்தையும் காட்டும் வரைபடத்தைப் பாருங்கள். வலது ஓரத்தில் முட்டிக்கொண்டு நின்றால் இன்னும் 1/3 ஸ்டாப் குறையுங்கள் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பது அல்லது பாதியாவது). வலப்பக்கம் நிறையக் காலியாக இருந்தால் கூட்டுங்கள். ரா ஃபைலில் (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு) எடுத்தால் நிழலைக் கணினியில் 2 ஸ்டாப் அளவுக்குத் தூக்கலாம். முழுக்க வெளுத்த இடத்தில் மீட்க ஒன்றும் இருக்காது. ஆனால் இலை இடுக்கில் ஊசிமுனையளவு வானம் வெளுப்பதற்குப் பயந்து மரத்தை இருட்டாக்க வேண்டாம். வெளுப்பு இலையின் ஓரத்தைத் தின்னும்போதுதான் படம் கெடுகிறது.

அடிமரத்தை, ஒரு சிறு இடத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரில் அளந்தால் பட்டையின் நிறத்தையும் கணக்கில் சேருங்கள். மருதம் வழவழப்பான வெளிர் பட்டை. அளந்தபடியே எடுத்தால் அழுக்குச் சாம்பலாகிவிடும். +2/3 முதல் +1 வரை கொடுங்கள். கறுத்த பனைக்கு நேர்மாறாக –1.

எதற்கும் அடங்காத வெளிச்சம் என்றால் முக்காலியில் வைத்து –2, 0, +2 என மூன்று படம் எடுத்து இணைக்கலாம். ஷட்டர் வேகம் மட்டுமே மாற வேண்டும், அப்பெர்ச்சர் மாறினால் தெளிவின் ஆழமும் (முன்னும் பின்னும் எவ்வளவு தூரம் தெளிவாக விழும் என்பது) மாறிவிடும். அம்மியே பறக்கும் ஆடிக்காற்றில் இந்த வேலை வேண்டாம். இலைகள் மூன்று படத்திலும் மூன்று இடத்தில் இருக்கும், இணைத்தால் பேய்நிழல்தான் மிஞ்சும்.

கே: மார்கழிப் பனிமூட்டத்தில் தென்னந்தோப்பு கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது, படத்தில் மங்கிய சாம்பலாக வருகிறது.
– வாசகர், மன்னார்குடி

ப: அதே மீட்டர் கணக்குதான். பனியின் வெண்மையையும் சாம்பலாக்கிவிட்டது. +2/3 வைத்துத் தொடங்கி +1 வரை போங்கள். ஹிஸ்டோகிராமின் மேடு நடுவுக்கு வலப்பக்கம் இருக்க வேண்டும், ஓரத்தைத் தொடக்கூடாது. சூரியன் தோப்புக்குள் எட்டிப் பார்த்ததும் அளவு நிமிடத்துக்கு நிமிடம் மாறும். பழைய +1-ஐ மறந்து அப்படியே விட்டால் ஒளிக்கீற்றுகள் எரிந்துபோகும்.

கே: முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் படகிலிருந்து எடுத்த படங்கள் எல்லாம் கலங்கல். லென்ஸில் பளபளப்பை வெட்டும் போலரைசர் ஃபில்டர் போட்டிருந்தேன்.
– வாசகர், திருத்துறைப்பூண்டி

ப: போலரைசர் ஏறக்குறைய 1½ முதல் 2 ஸ்டாப் வெளிச்சத்தை விழுங்கும். அதை ஈடுகட்ட ஷட்டர் தானாக மெதுவாகியிருக்கும், படகும் ஆடியிருக்கும். முக்காலி இங்கே உதவாது, படகோடு சேர்ந்து அதுவும் ஆடும். ஷட்டரை 1/250 நொடியைவிட மெதுவாக விடாதீர்கள், அதற்கு ஐஎஸ்ஓ 800 அல்லது 1600 ஆனாலும் பரவாயில்லை. ஐஎஸ்ஓ கூடியதால் கொஞ்சம் புள்ளி விழுந்த படத்தைச் சரிசெய்யலாம், ஆடிய படத்தை முடியாது. போலரைசரை அதற்காகக் கழற்றி எறியவும் வேண்டாம். தண்ணீரின் பளபளப்பையும் மெழுகு பூசியது போன்ற இலைகளின் மினுமினுப்பையும் வெட்டி உண்மையான பச்சையைக் காட்டுவது அதுதான். படகு திரும்பும்போதெல்லாம் வளையத்தையும் திருப்புங்கள்.

கே: என்னிடம் செல்போன் மட்டுமே உண்டு.
– வாசகர், கும்பகோணம்

ப: போதும். திரையில் அடிமரத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான போன்களில் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டப்படும். பக்கத்தில் தோன்றும் சூரியக் குறியை, வானத்தில் மேகத்தின் வடிவம் தெரியும்வரை கீழே இழுங்கள். ஹெச்டிஆர் இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள்; அதுவும் பல படங்களை இணைப்பதுதான், காற்றடிக்கும்போது கிளை நுனிகளைப் பெரிதாக்கிப் பாருங்கள்.