பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்குக்கு எந்த ஸ்பார்க் பிளக் நம்பி வாங்கலாம்?

பிராண்டைவிட எண்தான் முக்கியம். உதாரணத்துக்கு, என்ஜிகே பிராண்டின் பி7எச்எஸ் என்ற பிளக்கைப் பார்ப்போம். ‘பி’ என்றால் 14 மி.மீ. மரை, ‘எச்’ என்றால் மரையின் நீளம் 12.7 மி.மீ. நடுவில் இருக்கும் 7 வெப்ப எண், அதாவது பிளக் எவ்வளவு வேகமாகச் சூட்டை வெளியேற்றும் என்பதைக் காட்டும் எண். என்ஜிகேயில் எண் கூடக்கூடப் பிளக் குளிர்ச்சியாக வேலை செய்யும். போஷ் பிராண்டில் இது அப்படியே தலைகீழ். இது தெரியாமல் மாற்றுபவர்கள் நிறைய. ஆர்எக்ஸ் 100 மாதிரி டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் ரொம்பச் சூடான பிளக் போட்டால் பிஸ்டனே ஓட்டையாகலாம். அதனால் வண்டியின் கையேட்டில் உள்ள எண்ணையே கேட்டு வாங்குங்கள்.

அப்புறம், போலிகள். நான் வாங்கும்போது முதலில் வாஷரைத்தான் பார்ப்பேன். அசலில் அது மரையோடு பிடித்து நிற்கும், உதறினால் கழன்று விழாது. மரை வழவழப்பாகவும், நடு எலெக்ட்ரோடு நேராகவும் இருக்க வேண்டும்.

போட்டு நூறு கிலோமீட்டர் ஓட்டியதும் கழற்றிப் பாருங்கள். முனை இளம் பழுப்பாக இருந்தால் சரி. ஈரக் கறுப்பு என்றால் ஆயிலோ பெட்ரோலோ அதிகம். வெளுத்துப் பொரிந்திருந்தால் வண்டியை ஓட்டாதீர்கள், கார்புரேட்டரை உடனே காட்டுங்கள்.

விலை கூடிய இரிடியம் முனைப் பிளக் தேவையில்லை, சாதா நிக்கல் பிளக்கே போதும்.