முறுக்கு வியாபாரத்துக்கு எந்த வங்கிக் கணக்கு?

கேள்வி: வீட்டிலிருந்தே முறுக்கு, அதிரசம், மைசூர்பாகு செய்து விற்கிறேன். இந்த ஆண்டுதான் நிறுவனங்களைப் பதிவுசெய்யும் அக்ரா ஆணையத்தில் தனியுரிமைத் தொழிலாக (ஒரே உரிமையாளர் தொழில்) பதிந்தேன். வரவு செலவு எல்லாம் இன்னும் என் சொந்தச் சேமிப்புக் கணக்கில்தான் ஓடுகிறது. தொழிலுக்குத் தனிக் கணக்கு திறக்கலாம் என்று பார்த்தால், மாதக் கட்டணமே இல்லை என்று நாலைந்து விளம்பரங்கள். "எல்லாம் ஒன்றுதான்க்கா, ஏதாவது ஒன்றைத் திற" என்கிறான் தம்பி. தீபாவளிச் சந்தையில் கடை போடுவதால் ரொக்கமும் கணிசமாக வரும். எதைத் தேர்ந்தெடுப்பது?
- வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: தனிக் கணக்கு திறக்க நினைத்தது நல்ல முடிவு. தனியுரிமைத் தொழிலுக்குத் தனிக் கணக்கு வைத்தே ஆகவேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் வரவு செலவுப் பதிவுகளை ஐந்து ஆண்டுகள் வைத்திருக்கவேண்டும் என்று வருமான வரி அலுவலகம் சொல்கிறது. மின்கட்டணமும் பிள்ளையின் டியூஷன் பணமும் நெய்க் கடைப் பாக்கியும் ஒரே பட்டியலில் கலந்து கிடந்தால், வரி நேரத்தில் உட்கார்ந்து பிரிக்கப்போவது நீங்கள்தான்.

தம்பி சொல்வதை மட்டும் ஏற்க முடியவில்லை. மாதக் கட்டணம் என்பது வங்கி வாங்கும் பல கட்டணங்களில் ஒன்றுதான். அதை விட்டுக்கொடுத்துவிட்டு வேறு இடத்தில் வாங்கிக்கொள்ளலாம். மாவு, நெய், டப்பா, உதவிக்கு வரும் பெண்ணின் சம்பளம் என்று மாதம் 30 முறை பணம் அனுப்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வங்கிக்கு வங்கி உடனே பணம் அனுப்பும் ஒவ்வொரு ஃபாஸ்ட் பரிமாற்றத்துக்கும் 50 காசு என்றால் 15 வெள்ளி போய்விடும். மாதம் 10 வெள்ளி வாங்கிக்கொண்டு பரிமாற்றங்களை இலவசமாகத் தரும் கணக்கு இதைவிட மலிவு. கைப்பேசி எண்ணையோ கியூஆர் குறியீட்டையோ வைத்து வாடிக்கையாளர் அனுப்பும் பேநவ் பணத்துக்குக் கட்டணம் உண்டா என்றும் மறக்காமல் கேளுங்கள். 6 வெள்ளி முறுக்குப் பொட்டலத்தில் வங்கிக்கும் பங்கு கொடுத்துக் கட்டுப்படியாகாது.

அடுத்தது குறைந்தபட்ச இருப்பு. பல கணக்குகளில் மாதக் கட்டணம் இருக்காது. இருப்பு குறைந்தால் அபராதம் இருக்கும். அதிலும் பெரும்பாலும் பார்ப்பது அந்த மாதத்தின் சராசரி இருப்பை. 10,000 வெள்ளி வேண்டும் என்ற கணக்கில் 20 நாள் 8,000 வெள்ளியும் மீதி 10 நாள் 15,000 வெள்ளியும் இருந்தால் சராசரி 10,333, தப்பித்தீர்கள். ஆனால் உங்கள் தொழில் தீபாவளிக்கு முன் பொங்கி, அப்புறம் மாதக்கணக்கில் அடங்கிவிடும் தொழில். அந்த அடங்கிய மாதங்களில் எவ்வளவு இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 'முதல் ஆண்டு இலவசம்' என்று சின்ன எழுத்தில் இருந்தால், இரண்டாம் ஆண்டுக் கட்டணத்தை வைத்தே ஒப்பிடுங்கள்.

உங்கள் விஷயத்தில் என் முடிவைத் தீர்மானிப்பது ரொக்கம்தான். டிஜிட்டல் வங்கிகளுக்குப் பேட்டைக் கிளையோ பணம் போடும் இயந்திரமோ கிடையாது. சந்தையிலிருந்து ராத்திரி கொண்டுவரும் நோட்டுக் கட்டை எங்கே போடுவீர்கள்? சொந்தக் கணக்கில் போட்டு அங்கிருந்து மாற்றினால் பழைய குழப்பமே திரும்பி வரும். அதனால் வீட்டுப் பக்கத்தில் இயந்திரம் உள்ள வழக்கமான வங்கியாகப் பாருங்கள். அதற்காகச் சின்ன மாதக் கட்டணம் கொடுக்க நேர்ந்தாலும் நான் தயங்கமாட்டேன். தொழில் கணக்கில் ரொக்கம் போடவும் சில்லறைக் காசு போடவும் என்ன கட்டணம் என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

விளம்பரம் பேசாத இன்னொன்று, பணத்தின் பாதுகாப்பு. வங்கி நொடித்தால் பணத்தைத் திருப்பித் தரும் வைப்புத்தொகைக் காப்புறுதி, 2024 ஏப்ரல் முதல், திட்டத்தில் உறுப்பினரான வங்கி ஒவ்வொன்றிலும் ஒருவருக்கு 100,000 வெள்ளி வரை. இது சிங்கப்பூர் வெள்ளியில் போடும் பணத்துக்குத்தான். முழு வங்கி உரிமம் பெற்றவை எல்லாம் இதில் உறுப்பினர்கள்; ஜிஎக்ஸ்எஸ், மாரிபேங்க் போன்ற டிஜிட்டல் முழு வங்கிகளும் சேர்த்தி. ஆனால் சிறு தொழில்களைக் குறிவைக்கும் டிஜிட்டல் மொத்த வங்கிகள் இந்தத் திட்டத்தில் இல்லை. தொழில் கணக்கு மாதிரியே தோன்றும் கைப்பேசிச் செயலிகள் சில வங்கியே அல்ல. அவை சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் கட்டணச் சேவை உரிமம் பெற்ற நிறுவனங்கள். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப வசதியானவைதான், ஆனால் அங்கே இருக்கும் பணத்துக்கு இந்தக் காப்புறுதி கிடையாது.

உங்களைப் போன்ற தனியுரிமையாளர்கள் கவனிக்கவேண்டிய ஒரு நுணுக்கமும் உண்டு. ஒரே வங்கியில் சொந்தக் கணக்கும் தொழில் கணக்கும் இருந்தால் இரண்டையும் கூட்டித்தான் அந்த 100,000 வெள்ளி வரம்பைப் பார்ப்பார்கள். இப்போது சேமிப்பு இருக்கும் வங்கியை விட்டு வேறு வங்கியில் தொழில் கணக்கைத் திறந்தால் அதற்குத் தனி வரம்பு கிடைக்கும். முறுக்கு விற்று அவ்வளவு சேருமா என்று சிரிக்காதீர்கள்; சொந்தச் சேமிப்பும் அதில் சேரும் அல்லவா!

காசோலைப் புத்தகம் இலவசம் என்று யாராவது ஆசை காட்டினால் பொருட்படுத்தவேண்டாம். நிறுவனக் காசோலைகளை 2026 இறுதியோடு நிறுத்துவதாகத் திட்டம்.

அரசாங்கத்தின் மின்னிலக்க அடையாளமான சிங்பாஸ் இருந்தால் விண்ணப்பத்தைப் பெரும்பாலும் வீட்டிலிருந்தே முடிக்கலாம். சில மாதங்களுக்குள் கணக்கை மூடினால் கட்டணம் உண்டா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். கணக்கு வந்ததும் பேநவ்வை உங்கள் தொழிலின் பதிவு எண்ணான யூஇஎன்னுடன் இணையுங்கள்; பணம் அனுப்புகிறவருக்குத் தொழிலின் பெயர் தெரியும். கூடவே, கைப்பேசி எண்ணில் எடுத்த பழைய கியூஆர் ஸ்டிக்கர்களை டப்பா, பதாகை எல்லாவற்றிலிருந்தும் உரித்துவிடுங்கள். இல்லாவிட்டால் தீபாவளி வசூலில் பாதி சொந்தக் கணக்குக்கே போய்க்கொண்டிருக்கும்.